ஒரே வினை, பல எண்கள்: சமநிலை மாறிலி எழுதப்பட்டு வந்த வரலாறு

வேதிவினை ஒன்றின் சமநிலை மாறிலி என்று பாடநூல்கள் தரும் எண், கண்டிப்பாகப் பார்த்தால், அந்த வினைக்கு உரிய எண் அன்று. அந்த வினையைத் தாளில் எழுதிக் காட்டும் சமன்பாட்டுக்கு உரிய எண். சமன்பாட்டை இடம் வலமாகத் திருப்பி எழுதினால் மாறிலி தன் தலைகீழாகிவிடுகிறது; சமன்பாடு முழுவதையும் இரண்டால் பெருக்கினால் மாறிலி வர்க்கமாகிறது, பாதியாக்கினால் வர்க்கமூலமாகிறது; இரண்டு சமன்பாடுகளைக் கூட்டி மூன்றாவதைப் பெற்றால், பழைய மாறிலிகள் இரண்டின் பெருக்கற்பலனே புதியதன் மாறிலியாகிறது. மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் இந்த விதிகள் கணிதத்தின் தவிர்க்க முடியாத விளைவுகளே என்றாலும், எந்தப் பொருளை வலப்பக்கம் வைப்பது, எத்தனை மோலுக்கு எழுதுவது என்பவை மட்டும் ஒவ்வொரு துறையும் தன் வசதிக்காகப் பழக்கிக்கொண்ட வழக்கங்களாகவே இருந்து வந்துள்ளன. அவ்வழக்கங்கள் உருவாக ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் வேதியியலுக்குத் திருப்பி எழுதுதல் என்ற எண்ணமே அந்நியமானது. 1718இல் பிரெஞ்சு வேதியியலாளர் ழெஃப்ருவா வெளியிட்ட நாட்ட அட்டவணையும், 1775இல் சுவீடனின் பெர்க்மான் விரிவாக அமைத்த அட்டவணைகளும், ஒரு பொருள் எதனோடு சேர அதிகம் விரும்புகிறது என்பதை வரிசைப்படுத்திக் காட்டின. வலிமையான நாட்டம் உடையது வலிமை குறைந்ததை வெளியேற்றிவிடும், வினை அத்துடன் முடிந்தது என்பதே அவற்றின் அடிப்படைக் கொள்கை. எவ்வளவு பொருள் கலந்தது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது எகிப்தின் ஓர் உப்பேரி. 1798இல் நெப்போலியனின் படையெடுப்போடு எகிப்து சென்ற பெர்த்தோலே, கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள நாட்ரூன் பள்ளத்தாக்கின் ஏரிக்கரைகளில் சோடியம் கார்பனேட் பாளம் பாளமாகப் படிந்திருப்பதைக் கண்டார். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட் கரைசலோடு கால்சியம் குளோரைடு கரைசலைக் கலந்தால் சுண்ணாம்புக்கல் வெள்ளையாக வீழ்படிவதும் சாதாரண உப்பு கரைசலில் தங்குவதும் எல்லாரும் அறிந்தது. ஏரியிலோ உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து சோடியம் கார்பனேட்டைத் தந்துகொண்டிருந்தன. உப்பு அளவுக்கு மீறிக் குவிந்திருந்ததே வினையை எதிர்த்திசையில் செலுத்தியது என்று பெர்த்தோலே முடிவு செய்து, அக்கருத்தை 1801இல் தனி நூலாகவும், 1803இல் வேதி நிலையியல் பற்றிய பெருநூலிலும் விரித்துரைத்தார். சேர்மங்களின் இயைபே கலக்கும் அளவைப் பொறுத்து மாறக்கூடியது என்று அதே மூச்சில் அவர் வாதிட்டது தவறாகப் போனதால், சரியான பாதியும் தவறான பாதியோடு சேர்த்து ஒதுக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர், பெயரொலியில் அவரை நெருங்கிய இன்னொரு பிரெஞ்சுக்காரர் பெர்த்லோ. அவரும் பெயான் டி சான் ழீலும் 1862, 1863ஆம் ஆண்டுகளில் அமிலத்தையும் ஆல்கஹாலையும் மூடிய குழாய்களில் வைத்து, எஸ்டர் எனப்படும் மணமுள்ள சேர்மம் எவ்வளவு உண்டாகிறது என்று அளந்தனர். அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் ஒவ்வொரு மோல் எடுத்தால், எவ்வளவு காலம் காத்திருந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே எஸ்டராகவும் நீராகவும் மாறியது. எஸ்டரையும் நீரையும் ஒவ்வொரு மோல் எடுத்துத் தொடங்கினாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. இன்றைய கணக்கு முறையில், எஸ்டர், நீர் ஆகியவற்றின் அளவுகளைப் பெருக்கி, எஞ்சிய அமிலம், ஆல்கஹால் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் 4 கிடைக்கும். எஸ்டர் சிதைவதை முன்வினையாக எழுதினால் அதுவே 0.25 ஆகும். பெர்த்லோ இந்த வகுத்தலைச் செய்யவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வினையின் வேகத்தைக் கூறும் விதி. சமநிலையை அவர் வினை ஓய்ந்துவிடும் எல்லையாகவே கண்டார்.

வகுத்தலை நோக்கி முதல் அடி வைத்தவர்கள் கிறிஸ்டியானியா நகரத்தில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், வாழ்ந்த குல்ட்பெர்க்கும் வாகேயும். முன்னவர் கணிதத்தில் தேர்ந்தவர், பின்னவர் வேதியியலாளர். அமைச்சர் ஒருவரின் மகள்களான இரு சகோதரியரை மணந்ததால் சகலைகள். வாகேயின் முதல் மனைவி இறந்தபின் அவர் குல்ட்பெர்க்கின் தங்கையை மணந்ததால் மைத்துனர்களும் ஆனார்கள். 1864 மார்ச் 15 அன்று நார்வே அறிவியல் கழகத்தில் அவர்கள் முன்வைத்த ஆய்வு, ஒரு வினையை முன்னும் பின்னும் தள்ளும் இரண்டு செயல்கள் சமமாகும்போது சமநிலை ஏற்படுகிறது என்றும், ஒவ்வொரு செயலும் கலந்திருக்கும் பொருள்களின் செறிவைப் பொறுத்தது என்றும் கூறியது. நார்வே மொழியில் வந்ததால் அதை வெளிநாட்டார் படிக்கவில்லை. 1867இல் பிரெஞ்சில் எழுதிய விரிவான பதிப்பும் பெரிதாகப் பரவவில்லை. பின்னாளில் நிறைதாக்க விதி என்று பெயர் பெற்ற இந்தக் கருத்து ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டது, 1879இல் அவர்கள் ஜெர்மன் மொழியில் எழுதிய பிறகுதான்.

இந்த மூன்று பதிப்புகளுக்கு இடையே நிகழ்ந்த ஒரு மாற்றம்தான் இக்கட்டுரையின் பொருளுக்கு மையமானது. 1864இல் ஒவ்வொரு செறிவின் மேலும் ஓர் அடுக்கு எண்ணை இட்டு, அந்த எண் என்ன என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். 1867இல் அடுக்குகளை நீக்கி, செறிவுகளை வெறுமனே பெருக்கினார்கள். 1879இல் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பை அடிப்படையாகக் கொண்டு, சமன்பாட்டில் ஒரு பொருள் எத்தனை முறை வருகிறதோ அத்தனையே அதன் செறிவின் அடுக்கு என்று உறுதி செய்தார்கள். சமன்பாட்டை இரட்டித்தால் மாறிலி ஏன் வர்க்கமாகிறது என்பதற்கான விடை இந்த ஒரு வரியில் அடங்கியுள்ளது. எழுதப்பட்ட கெழு, அதாவது பொருளின் முன் நிற்கும் எண், அன்று முதல் அடுக்காகவும் ஆகிவிட்டது. மூலக்கூறுகளின் மோதலை வைத்து வாதிட்ட அவர்களுடைய நியாயம் பல வினைகளுக்குப் பொருந்தாது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் முடிவு மட்டும் நிலைத்தது, ஏனெனில் ஹைடல்பெர்க்கின் ஹார்ஸ்ட்மான் 1873இலேயே என்ட்ரோப்பி பற்றிய வெப்பவியல் விதியிலிருந்து சமநிலைக்கான உறவைப் பெறத் தொடங்கியிருந்தார். தவறான வாசல் வழியே சரியான அறைக்குள் நுழைந்ததற்கு அறிவியல் வரலாற்றில் இது நல்ல எடுத்துக்காட்டு.

குல்ட்பெர்க்கும் வாகேயும் இரு பக்கத்துக்கும் தனித்தனிக் கெழுவை வைத்து, இரு பெருக்கற்பலன்களையும் சமமென்று எழுதினார்கள். அந்த வடிவத்தில் எது மேலே, எது கீழே என்ற வினா எழவே இல்லை. இரு கெழுக்களையும் ஒரே எண்ணாகச் சுருக்கி, அது வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று காட்டியவர் ஆம்ஸ்டர்டாமின் வான்ட் ஹாஃப். 1884இல் வெளிவந்த அவருடைய வேதி இயக்கவியல் நூலில்தான், சமன்பாட்டின் நடுவே சமக்குறிக்குப் பதிலாக எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு அம்புக்குறிகள் இடம்பெற்றன. இரண்டு எண்கள் ஒரு வகுத்தலாகச் சுருங்கியதும், எந்தப் பக்கத்தை முன்பக்கம் என்று கொள்வது என்ற தேர்வு கட்டாயமாகிவிட்டது. வாயுக்களை ஆராய்ந்தவர்களுக்கு 1850களிலிருந்தே செயின்ட் கிளேர் டெவில் வெப்பத்தால் சேர்மங்கள் பிரிவதைக் காட்டிப் பழக்கியிருந்ததால், பிரிவதையே முன்வினையாக எழுதுவது அவர்களிடம் இயல்பாக வந்தது. உண்டாக்கி விற்க வேண்டிய தொழில்துறையினரோ சேர்வதையே முன்வினையாக எழுதினார்கள்.

இந்தத் தேர்வு எண்ணை எவ்வளவு தூரம் மாற்றிவிடும் என்பதற்கு, ஹைடல்பெர்க்கில் விக்டர் மேயரின் ஆய்வகத்தில் தொடங்கி 1890களில் மாக்ஸ் போடன்ஸ்டைன் செய்த ஹைட்ரஜன் அயோடைடு சோதனைகள் சரியான சான்று. கண்ணாடிக் குழாயில் ஹைட்ரஜன் அயோடைடை அடைத்து வாயை உருக்கி மூடி, கொதிக்கும் கந்தகத்தின் ஆவியில் 448 பாகை செல்சியஸில் நீண்ட நேரம் வைத்து, பிறகு விரைவாகக் குளிரவைத்துக் காரக் கரைசலுக்குள் திறந்தால், ஹைட்ரஜன் அயோடைடையும் அயோடினையும் காரம் உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் மட்டும் அளப்பதற்கு எஞ்சும். ஏறத்தாழ 22 விழுக்காடு பிரிந்திருந்தது. இப்போது நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவதாகக் கொள்ளலாம். இரண்டு ஹைட்ரஜன் அயோடைடு பிரிந்து ஒரு ஹைட்ரஜனும் ஓர் அயோடினும் தருவதாக எழுதுபவருக்கு மாறிலி 0.02, ஒரே ஒரு ஹைட்ரஜன் அயோடைடு பிரிந்து அரை ஹைட்ரஜனும் அரை அயோடினும் தருவதாக எழுதுபவருக்கு 0.14, ஹைட்ரஜனும் அயோடினும் சேர்ந்து இரண்டு ஹைட்ரஜன் அயோடைடு ஆவதாக எழுதுபவருக்கு 50, அதையே பாதி அளவில் எழுதுபவருக்கு 7.1. குழாய் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கலவையும் ஒன்றுதான். நான்கில் எதை வைத்துக் கணக்கிட்டாலும் அதே 22 விழுக்காடுதான் திரும்ப வரும். வினை முன்னோக்கியே சாய்ந்திருக்கிறது, மாறிலி பெரியதாயிற்றே என்று எண்ணின் பருமனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு அவசரம் என்பதை இந்தக் குழாயே காட்டுகிறது.

அம்மோனியாவின் வரலாற்றில் இதே நுட்பம் ஒரு புகழ்பெற்ற சண்டையின் அளவைக்கூட மாற்றிக் காட்டுகிறது. கார்ல்ஸ்ரூவில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஹேபர், வியன்னாவின் மார்குலீஸ் சகோதரர்களின் வேண்டுகோளை ஏற்று, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் நேரடியாகச் சேர்ந்து அம்மோனியா ஆகுமா என்று 1904இல் வான் ஊர்ட்டுடன் சேர்ந்து சோதித்தார். 1020 பாகை செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், இரும்பு வினையூக்கியின் மேல் கிடைத்த அம்மோனியாவின் அளவு சோதனைக்குச் சோதனை வேறுபட்டது. அவற்றுள் உயர்ந்ததையே நம்பத்தக்கதாகக் கொண்டு 0.012 விழுக்காடு என்று அவர் வெளியிட்டார். பெர்லினில் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் தம் புதிய வெப்பத் தேற்றத்திலிருந்து பெற்ற கணக்கு அதைவிட மிகக் குறைவான அளவைக் கூறவே, தாமும் யோஸ்ட்டும் உயர் அழுத்தத்தில் செய்த அளவீடுகளின் துணையோடு, 1907இல் ஹாம்பர்க்கில் நடந்த புன்சன் கழகக் கூட்டத்தில் ஹேபரின் எண்ணை வெளிப்படையாக மறுத்தார். ஹேபர் அதற்குள் லெ ரோசினோலோடு மீண்டும் அளந்து 0.0048 விழுக்காடு என்று திருத்தியிருந்தார். அதையும் நெர்ன்ஸ்ட் முழுமையாக ஏற்கவில்லை.

ஹேபர் தம் கணக்குகளை ஒரு மோல் அம்மோனியாவை அடிப்படையாகக் கொண்டே எழுதினார்: அரை மோல் நைட்ரஜனும் ஒன்றரை மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு மோல் அம்மோனியா. இந்த வடிவத்தில், 0.0048 விழுக்காட்டுக்கு உரிய மாறிலி 1.5 × 10⁻⁴, 0.012 விழுக்காட்டுக்கு உரியது 3.7 × 10⁻⁴. பழைய எண் புதியதைப் போல் இரண்டரை மடங்கு. இன்றைய பாடநூல்களில் வருவதுபோல ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன், இரண்டு அம்மோனியா என்று எழுதினால், அதே இரண்டு எண்களும் 2.2 × 10⁻⁸, 1.4 × 10⁻⁷ என்று ஆகி, அதே பிழை ஆறு மடங்குக்கும் மேலாகத் தெரிகிறது. மாறிலியின் அலகும் மாறுகிறது: முதலாவதில் அழுத்தத்தின் தலைகீழ், இரண்டாவதில் அழுத்த வர்க்கத்தின் தலைகீழ். ஹேபர் தம் தவற்றைச் சிறிதாகக் காட்டவே பாதி வடிவத்தைத் தேர்ந்தார் என்று கருத எந்த அடிப்படையும் இல்லை. ஒரு மோல் விளைபொருளுக்கு எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுவோர்க்கு அதுவே இயல்பான வடிவம். அவ்வடிவம் அவரோடு நிற்கவும் இல்லை. 1923இல் வாஷிங்டனின் நைட்ரஜன் ஆய்வகத்தில் லார்சனும் டாட்ஜும் 100 வளிமண்டலம் வரை அளந்து வெளியிட்ட அட்டவணை, பல பத்தாண்டுகளுக்கு அம்மோனியா ஆலைகளின் கணக்குக்கு ஆதாரமாக இருந்தது; 450 பாகை செல்சியஸிலும் 10 வளிமண்டலத்திலும் அது தரும் 0.0066 என்ற எண் பாதி வடிவத்துக்கு உரியது. அதை முழு வடிவத்துக்கு உரியதென்று எண்ணிக் கணக்கிடும் மாணவர், கொள்கலத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு அம்மோனியாவைத் தாளில் உற்பத்தி செய்துவிடுவார்.

சமன்பாடுகளைக் கூட்டும்போது மாறிலிகள் பெருகும் என்ற விதியின் முழு வலிமை வெளிப்பட்டது, அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் தேடிய அதே காலத்தில்தான். செந்தணலான கல்கரி மேல் நீராவியைச் செலுத்திப் பெறும் நீர்வாயுவில் ஹைட்ரஜனோடு கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். அந்த மோனாக்சைடோடு மேலும் நீராவியை வினைபுரியச் செய்தால், கார்பன் டைஆக்சைடும் இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கிடைக்கும். இந்த வினையை இரண்டு எளிய வினைகளின் வேறுபாடாகக் காணலாம்: கார்பன் மோனாக்சைடு அரை மூலக்கூறு ஆக்சிஜனோடு எரிவது ஒன்று, ஹைட்ரஜன் அரை மூலக்கூறு ஆக்சிஜனோடு எரிவது மற்றொன்று, இரண்டாவதைத் திருப்பி எழுதி முதலாவதோடு கூட்டினால் ஆக்சிஜன் இரு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். 1000 கெல்வினில், அதாவது 727 பாகை செல்சியஸில், முதல் வினையின் மாறிலி ஏறத்தாழ 1.6 × 10¹⁰, இரண்டாவதன் மாறிலி ஏறத்தாழ 1.15 × 10¹⁰. திருப்பி எழுதுவதால் பின்னது தலைகீழாக, பெருக்கற்பலன் 1.4 என்று வந்து நிற்கிறது. ஆயிரம் கோடி அளவிலான இரண்டு எண்கள் ஒன்றையொன்று தின்று தீர்த்து, எஞ்சியது ஒன்றுக்குச் சற்று மேல்.

நீராவியும் ஹைட்ரஜனும் சம அளவில் இருக்கும் கலவையில் அந்த வெப்பநிலையில் எஞ்சும் ஆக்சிஜனின் அழுத்தம் 10⁻²⁰ வளிமண்டலத்திலும் குறைவு. அதை அளக்கக்கூடிய கருவி அன்று எவரிடமும் இல்லை. ஆகவே, நெர்ன்ஸ்ட்டும் அவருடைய மாணவர்களும் மிக உயர்ந்த வெப்பநிலைகளில் நீராவியும் கார்பன் டைஆக்சைடும் பிரிவதை அளந்தார்கள். அந்த எண்களைத் தாழ்ந்த வெப்பநிலைகளுக்குக் கணக்கின் வழியே கொண்டுவந்தபோது, எளிதில் அளக்கக்கூடிய நீர்வாயுச் சமநிலையே அவற்றுக்கு உரைகல்லாயிற்று. ஹேபர் 1905இல் வெளியிட்ட தொழில்சார் வாயு வினைகளின் வெப்பஇயக்கவியல் பற்றிய நூல் இத்தகைய சங்கிலிக் கணக்குகளால் நிறைந்தது. எரிவதை இரட்டிப்பு அளவில், ஒரு முழு ஆக்சிஜனுக்கு எழுதியவர்கள் கடைசியில் வர்க்கமூலம் எடுக்க மறந்தால் 1.4க்குப் பதில் 2 கிடைக்கும். இந்த அளவுப் பிழை கண்ணை உறுத்தாது என்பதே அதன் ஆபத்து. 1913இல் ஓப்பாவில் இயங்கத் தொடங்கிய உலகின் முதல் அம்மோனியா ஆலைக்கு ஹைட்ரஜன் தந்தது நீர்வாயுதான்.

பெருக்கலும் வகுத்தலும் தொல்லையாக இருந்ததால், மடக்கை அவற்றைக் கூட்டலும் கழித்தலுமாக்கியது. 1840இல் ஹெஸ், வினைகளைக் கூட்டினால் அவற்றின் வெப்பங்களையும் கூட்டலாம் என்று காட்டியிருந்தார்; மாறிலியின் மடக்கையோடு நேர்விகிதத்தில் அமையும் கட்டிலா ஆற்றலுக்கும் அது பொருந்தும் என்பதால், கலிபோர்னியாவின் லூயிசும் ரேண்டலும் 1923இல் வெளியிட்ட நூலில் வினைகளுக்குப் பதிலாகச் சேர்மங்களையே அட்டவணைப்படுத்தினார்கள். ஒவ்வொரு சேர்மமும் தன் தனிமங்களிலிருந்து ஒரு மோல் உண்டாவதாக எழுதப்பட்டதால், எந்தத் திசை, எத்தனை மோல் என்ற வினாக்கள் அட்டவணைக்குள் ஒரே முறையில் தீர்க்கப்பட்டுவிட்டன.

கரைசல்களின் உலகத்தில் அந்த ஒழுங்கு ஏற்படவில்லை. அமிலம் நீரில் அயனிகளாகப் பிரிவதையே முன்வினையாகக் கொண்டு ஆஸ்ட்வால்ட் 1888இல் தம் நீர்த்தல் விதியைக் கூறி, நூற்றுக்கணக்கான கரிம அமிலங்களின் பிரிகை மாறிலிகளை மின்கடத்துதிறன் வழியே அளந்தார். அசிட்டிக் அமிலத்துக்கு 25 பாகையில் அது 1.75 × 10⁻⁵. நீர் தானே அயனிகளாகப் பிரிவதன் மாறிலி 1 × 10⁻¹⁴ என்பதால், அந்த வினையைத் திருப்பி அமிலத்தின் பிரிகையோடு கூட்டினால், அமிலம் காரத்தால் நடுநிலையாக்கப்படும் வினைக்கு 1.75 × 10⁹ என்ற மாறிலி கிடைக்கிறது. அதையும் திருப்பினால் அசிட்டேட் அயனி நீராற்பகுப்பு அடைவதற்கு 5.7 × 10⁻¹⁰. நீர் சமன்பாட்டில் வெளிப்படையாக நின்றாலும் மாறிலியில் தோன்றுவதில்லை என்பதும் ஒரு வழக்கமே. கரைப்பானின் செறிவு மாறுவதே இல்லை என்று கொண்டு அதை எண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள்.

உலோக அணைவுச் சேர்மங்களை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் இதே பிரிகைப் பழக்கத்தைப் பின்பற்றி, வெள்ளி அயனியோடு இரண்டு அம்மோனியா சேர்ந்த அயனிக்கு 6 × 10⁻⁸ என்ற நிலையின்மை மாறிலியைத் தந்தனர். கோபன்ஹேகனின் யானிக் பியெர்ரும் 1941இல் வெளியிட்ட ஆய்வேடு, அம்மோனியா ஒவ்வொன்றாகச் சேர்வதையே முன்வினையாக எழுதியது: முதல் அம்மோனியா சேர்வதற்கு ஏறத்தாழ 2,000, இரண்டாவது சேர்வதற்கு ஏறத்தாழ 8,000, இரண்டும் சேர்ந்து 1.6 × 10⁷. இந்த வடிவத்தில், இரண்டாம் அம்மோனியா முதலாவதைவிட வலுவாகச் சேர்கிறது என்ற விநோதம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே எண்ணாகத் தந்த பழைய நிலையின்மை மாறிலி அதை மறைத்தே வைத்திருந்தது. மருந்தியலும் உயிர்வேதியியலும் இன்றும் பிரிகை மாறிலியை விடவில்லை. அது செறிவின் அலகிலேயே வருவதால், புரதத்தில் பாதி நிரம்பத் தேவையான மருந்தின் அளவு எது என்பதை எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

பியெர்ரும், ஷ்வார்சன்பாக், சில்லேன் ஆகிய மூவரும் தொகுத்து, லண்டன் வேதியியல் கழகம் 1957, 1958ஆம் ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளியிட்ட நிலைப்புத்தன்மை மாறிலிகளின் பேரட்டவணை, படிப்படியாகச் சேர்வதற்கு ஒரு குறி, ஒட்டுமொத்தமாகச் சேர்வதற்கு ஒரு குறி, புரோட்டானை வெளியேற்றிச் சேர்வதற்கு உடுக்குறி இட்ட வேறொரு குறி என்று, எந்த எண் எந்தச் சமன்பாட்டுக்கு உரியது என்பதை ஒவ்வோர் இடத்திலும் அறியத்தக்க ஏற்பாட்டைச் செய்தது. அந்த அட்டவணையில் அமிலங்களுக்குத் தனி இனம் இல்லை. அசிட்டேட் அயனியோடு புரோட்டான் சேர்வதும், வெள்ளியோடு அம்மோனியா சேர்வதைப் போன்ற ஒரு சேர்க்கையே. அசிட்டிக் அமிலத்துக்கு உரிய பக்கத்தைத் திறப்பவர் அங்கே காணும் 4.76 என்ற மடக்கை, ஆஸ்ட்வால்டின் வழியில் அமிலம் பிரிவதாக எழுதினால் கழித்தற்குறி ஏற்கும் அதே எண்தான்.